பெயர் போனது, கோப்பு போகவில்லை: பொங்கல் நேரத்து இரவொன்றின் நிகழ்வு ஆய்வு

பொங்கலுக்கு இன்னும் நான்கு நாள். தனியார் பேருந்துகளுக்கு டிக்கெட் முன்பதிவு செய்யும் ஒரு சர்வரை நானும் வேலையில் சேர்ந்து ஒரு வருடமான தம்பி ஒருவரும் கவனித்துக்கொள்கிறோம். வருடத்தில் அதிக டிக்கெட் போவது அந்த வாரத்தில்தான். இரவு 11.52-க்கு அவரிடமிருந்து போன்.

"அண்ணா, சைட் விழுந்துடுச்சு. டிஸ்க் நூறு சதவீதம். ஒரு லாக் மட்டும் 31 ஜிபி இருந்துச்சு, அழிச்சுட்டேன். ஆனா இன்னும் நூறுன்னே காட்டுது."

"ரீஸ்டார்ட் பண்ணிட்டியா?"

"இல்லண்ணா, இப்பதான் பண்ணப் போறேன்."

"பண்ணாத. எதையும் தொடாத. நான் உள்ள வரேன்."

லாக் என்பது புரோகிராம் தான் செய்வதை வரி வரியாக எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு. அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. டிஸ்க் நிரம்பினால் பெரிய கோப்பைத் தேடி அழிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும், நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன். ஆனால் அந்த ரீஸ்டார்ட் நடந்திருந்தால், மூன்று நாளாக நாங்கள் துரத்திக்கொண்டிருந்த ஒரு பேமென்ட் கோளாறின் தடயம் முழுக்கப் போயிருக்கும். அதைக் காப்பாற்ற முடிந்தது எப்படி, டிஸ்க் நிரம்பியது ஏன், எங்கள் முதல் திருத்தம் ஏன் தப்பானது என்பதையெல்லாம் எழுதி வைக்கிறேன். சிறிய சர்வர்களைத் தனியாளாகப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது உதவும்.

சர்வர் இதுதான்: டெபியன் 12 லினக்ஸ், 80 ஜிபி டிஸ்க், 16 ஜிபி நினைவகம். முன்னால் இணையத்திலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ், பின்னால் ஒரு ஜாவா புரோகிராம், அதே டிஸ்கில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். எல்லாம் டிஸ்கின் ஒரே பகிர்வில் (பார்ட்டிஷனில்). இந்தக் கடைசி விஷயம்தான் ஒரு லாக் கோளாறை முழுச் சேவையின் கோளாறாக மாற்றியது.

இரண்டு கட்டளைகள், இரண்டு கணக்கு

உள்ளே போனதும், டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 79 ஜிபி, பயன்பாட்டில் 75, மீதி 0. அடுத்து டியூ போட்டால் எல்லாக் கோப்புகளும் சேர்ந்து 44 ஜிபிதான். நடுவில் 31 ஜிபியைக் காணோம்.

டியூ ஒவ்வொரு டைரக்டரியாகப் போய், பெயர் உள்ள கோப்புகளை எண்ணிக் கூட்டும். டிஎஃப் கோப்பு அமைப்பையே கேட்கும், எத்தனை பிளாக் காலி என்று. இரண்டுக்கும் இப்படிப் பெரிய வித்தியாசம் வந்தால், பெயர் இல்லாமல் ஒரு கோப்பு உயிரோடு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். லினக்ஸில் பெயர் என்பது வாசலில் மாட்டிய பலகை மாதிரி. கோப்பு என்பது ஐநோட், அதுதான் வீடு. கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளை பலகையைத்தான் கழற்றுகிறது. உள்ளே ஒருவர் குடியிருக்கும்வரை, அதாவது ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை, வீடு காலியாகாது. கடைசியாகத் திறந்து வைத்திருப்பவர் மூடினால்தான் இடம் திரும்பி வரும்.

எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்கு +எல்1 என்று கொடுத்தால், பெயரே இல்லாமல் திறந்திருக்கும் கோப்புகளை மட்டும் காட்டும். கொடுத்தேன். ஜாவா, புராசஸ் எண் 2417, 31 ஜிபி, ஓரத்தில் 'டிலீட்டட்' என்ற குறிப்பு. அதே கோப்பு இரண்டு வரியில் வந்தது, ஒன்றில் 1, மற்றொன்றில் 2. தம்பி "62 ஜிபியா?" என்று பதறினார். இல்லை. வழக்கமான வெளியீடு 1, பிழை வெளியீடு 2. இரண்டையும் ஒரே கோப்புக்குத் திருப்பி விட்டிருந்ததால் ஒரே வீட்டுக்கு இரண்டு சாவி தெரிகிறது, அவ்வளவுதான்.

உறைய வைத்து மீட்டது

ஜாவாவை நிறுத்தினால் 31 ஜிபி உடனே கிடைக்கும், சைட் எழும். ஆனால் லாக் நிரந்தரமாகப் போகும். நிறுத்தாமல் விட்டால் போஸ்ட்கிரெஸ் எழாது. மாற்றங்களைத் தரவுத்தளத்தில் எழுதுமுன் குறித்துவைக்கும் 'வால்' (WAL) கோப்புக்கு இடம் கிடைக்காமல் அது ஏற்கனவே தானாக நின்றிருந்தது. தரவுத்தளம் இல்லாமல் ஜாவா பக்கம் பக்கமாகப் பிழைகளைக் கக்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் இடம் கிடைத்தாலும் அதை அதுவே தின்றுவிடும்.

அதனால் முதலில் என்ஜின்எக்ஸில் பராமரிப்புப் பக்கத்தைப் போட்டோம். அப்புறம் 2417-க்கு 'ஸ்டாப்' சிக்னல் கொடுத்தோம். இந்தச் சிக்னல் புராசஸைக் கொல்லாது, இருந்த இடத்திலேயே உறைய வைக்கும். அது திறந்த கோப்புகள் எல்லாம் திறந்தபடியே இருக்கும், ஆனால் ஒரு எழுத்துக்கூட எழுதாது.

அடுத்து இடம். இஎக்ஸ்டி4 கோப்பு அமைப்பு வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கி வைக்கும். 79-ல் 75 போக மீதி 4 இருக்க வேண்டிய இடத்தில் டிஎஃப் 0 காட்டியதற்குக் காரணம் அதுதான். டிஸ்க் நிரம்பிய பிறகும் ரூட்டாக உள்ளே நுழைந்து வேலை செய்ய முடிந்ததற்கும் காரணம் அதுதான். ஜாவாவை ரூட்டாக ஓட்டியிருந்தால் அந்த 4 ஜிபியும் சேர்ந்து போயிருக்கும். டியூன்2எஃப்எஸ் கட்டளையால் அந்த ஒதுக்கீட்டை 1 சதவீதமாகக் குறைத்தோம். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கிலேயே செய்யலாம், ஒரு நொடி வேலை. 3 ஜிபிக்குக் கொஞ்சம் அதிகமாகவே கிடைத்தது. போஸ்ட்கிரெஸைத் தொடங்கினோம். தன் வால் கோப்புகளைப் படித்துத் தானே சரிசெய்துகொண்டு எழுந்தது. ஜாவாவின் இரண்டாவது பிரதி ஒன்றை வேறு போர்ட்டில் தொடங்கி என்ஜின்எக்ஸை அதன் பக்கம் திருப்பினோம். பழையது நினைவகத்தில் உறைந்து கிடந்தாலும் புதியது ஓட இடம் இருந்தது. 12.24-க்கு டிக்கெட் மறுபடி போகத் தொடங்கியது.

சைட் எழுந்துவிட்டதால் லாக்கை நிதானமாக எடுக்க முடிந்தது. 'பிராக்' என்ற டைரக்டரிக்குள் 2417, அதற்குள் 'எஃப்டி', அதற்குள் 1. பெயர் போன கோப்புக்கு அங்கே இன்னும் ஒரு வாசல் உண்டு. அதைப் படித்து, ஜிஜிப்பால் சுருக்கி, எஸ்எஸ்எச் வழியாக வேறு ஒரு சர்வருக்கு அனுப்பினோம். அதே டிஸ்கில் பிரதி எடுக்க இடம் ஏது? 14 நிமிடம் ஆனது, 31 ஜிபி அங்கே போய்ச் சேர்ந்தபோது 1.9 ஜிபியாகச் சுருங்கியிருந்தது. சுருக்கிய கோப்பு முழுதாக வந்ததா என்று சோதித்த பிறகுதான் 2417-ஐக் கொன்றோம். டிஎஃப் 57 சதவீதத்துக்கு இறங்கியது.

மீட்ட லாக்கின் கடைசி வரியை இருவரும் சேர்ந்து பார்த்தோம். நேரம் 11.36. பயணி ஒருவரின் பேமென்ட் பதிலின் நடுவில், ஒரு வார்த்தைக்குப் பாதியில், வரி அறுந்திருந்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை. என்ஜின்எக்ஸின் லாக்கும் அதே நேரத்தில் ஊமை. டிஸ்கை நிரப்பிய லாக், டிஸ்க் நிரம்பியபின் நடந்ததைச் சொல்லவே இல்லை. 11.36-லிருந்து சைட்டை மூடியதுவரை யார் பணம் கட்டினார்கள், யாருக்கு டிக்கெட் வரவில்லை என்பதற்கு எங்கள் பக்கம் சாட்சியே கிடையாது. பேமென்ட் நிறுவனத்தின் பட்டியலை எங்கள் முன்பதிவுப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். 17 பேர். ஊருக்குப் போகக் காசு கட்டிவிட்டு, டிக்கெட் வந்ததா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்த 17 பேர். அவர்களுக்கு டிக்கெட் போட்டு முடிக்கும்போது இரவு மணி இரண்டரை. அன்று இரவு எனக்குக் கனமாக இருந்தது இந்த வேலைதான்.

ஏன் நிரம்பியது

லாக் பெரிதாக ஊதியதற்கு உடனடிக் காரணம் நான். பேமென்ட் கோளாறைப் பிடிப்பதற்காக மூன்று நாளுக்கு முன் லாக்கை டீபக் (debug) நிலைக்கு, அதாவது எல்லாவற்றையும் விரிவாக எழுதும் நிலைக்கு, ஏற்றியிருந்தேன். ரீஸ்டார்ட் இல்லாமலே ஏற்றலாம், அதனால் எளிதாகச் செய்தேன், இறக்கவில்லை. ஒவ்வொரு பேமென்ட் பதிலும் முழுதாக எழுதப்பட்டு, ஒரு நாளைக்கு 9 ஜிபி அளவுக்கு ஓடியது. பதிலோடு பயணிகளின் மொபைல் எண்களும் சேர்ந்து லாக்கில் விழுந்திருந்தன. மீட்ட பிரதியைப் பூட்டி வைத்து, கோளாறு பிடிபட்டதும் அழித்தோம்.

ஆனால் பழைய லாக்கை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்கும் சுழற்சி என்று ஒன்று இருந்ததே? அதைச் செய்யும் லாக்ரொட்டேட் புரோகிராமுக்கு, அந்த லாக்குக்கென்று கான்ஃபிக் இருந்தது. டெய்லி, ரொட்டேட் 14, கம்ப்ரெஸ், மிஸ்ஸிங்ஓகே, நாட்இஃப்எம்ப்டி, கிரியேட். பார்த்தால் குறையே தெரியாது. சர்வரின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியில் தோற்றுப்போன சேவைகளின் பட்டியலைக் கேட்டோம். ஒரே ஒரு சிவப்பு வரி: லாக்ரொட்டேட். சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் அதன் செய்தியைப் படித்தால், லாக் இருக்கும் டைரக்டரியின் அனுமதி பாதுகாப்பில்லை, ரூட் அல்லாத குழு அதில் எழுத முடிகிறது, ஆகவே இந்தக் கோப்பைத் தாண்டிப் போகிறேன் என்று ஒவ்வொரு இரவும் சொல்லியிருக்கிறது. முதல் செய்தி ஆகஸ்டில். புரோகிராமின் புதிய பதிப்புகளை ஏற்றுவதற்கான புதிய ஸ்கிரிப்டைக் கொண்டுவந்த அதே நாளில், அந்த டைரக்டரியில் குழுவுக்கு எழுதும் அனுமதி கொடுத்திருக்கிறோம்.

ஐந்து மாதம் யாருக்கும் தெரியாமல் போனது எப்படி என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. இரண்டு காரணம் கிடைத்தது.

லாக்ரொட்டேட் ஒரு கோப்பைத் தாண்டினாலும் மற்றவற்றைச் சுழற்றிவிடும். என்ஜின்எக்ஸின் லாக்குகள் ஒழுங்காக எண் போட்டுச் சுருங்கி வரிசையில் நின்றன. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் சரி, சுழற்சி ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டோம்.

இரண்டாவது காரணம் ஜாவாவைத் தொடங்கும் ஸ்கிரிப்டில் இருந்த ஒற்றை அம்புக்குறி. லாக் கோப்புக்கு வெளியீட்டைத் திருப்ப ஒற்றை '>' போட்டிருந்தோம். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் அது பழைய லாக்கைச் சுழியாக்கிவிட்டுத் தொடங்கும். வாரா வாரம் புதிய பதிப்பை ஏற்றி ரீஸ்டார்ட் செய்ததால், வாரா வாரம் லாக் காலியானது. லாக்ரொட்டேட் செய்யாத வேலையை அந்தக் குறி, சாட்சியங்களை அழிக்கும் விலையில், செய்துகொண்டிருந்தது. பண்டிகைக் காலத்தில் எதுவும் உடையக்கூடாது என்று மூன்று வாரம் புதிய பதிப்பு ஏற்றுவதை நிறுத்தி வைத்தோம். நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவு. ரீஸ்டார்ட் நின்றது, லாக் வளர ஆரம்பித்தது, மேலே டீபக் வந்து சேர்ந்தது.

அனுமதி சரியாக இருந்திருந்தால்?

விடியற்காலை மூன்று மணிக்கு டைரக்டரியின் அனுமதியைச் சரிசெய்துவிட்டு, தம்பி "முடிஞ்சதுண்ணா, தூங்கலாமா?" என்றார். தூக்கம் கண்ணைச் சுற்றினாலும் அந்த ஆறு சொல் கான்ஃபிக்கை இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அடுத்து அவரே கண்டுபிடித்ததுதான்.

அனுமதி சரியாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். இரவில் லாக்ரொட்டேட் வரும். லாக்கின் பெயருக்குப் பின்னால் .1 சேர்க்கும். பெயர்தான் மாறும், ஐநோட் அதேதான், ஜாவா .1-க்குள்ளேயே எழுதிக்கொண்டிருக்கும். கிரியேட் என்று இருப்பதால் பழைய பெயரில் புதிய காலிக் கோப்பு பிறக்கும். கம்ப்ரெஸ் இருப்பதால் .1 சுருக்கப்படும், சுருக்கி முடித்ததும் மூலம் அழிக்கப்படும். ஜாவா? பெயர் போன ஐநோட்டுக்குள் எழுதிக்கொண்டே இருக்கும். புதிய கோப்பு காலியாகவே கிடக்கும், காலிக் கோப்பைச் சுழற்றாதே என்று நாட்இஃப்எம்ப்டி சொல்வதால் அப்புறம் சுழற்சியும் நடக்காது.

அதாவது, அந்த இரவு தம்பி கையால் ஆர்எம் போட்டு உண்டாக்கிய அதே நிலையை, எங்கள் கான்ஃபிக் சத்தமில்லாமல் தானே உண்டாக்கியிருக்கும். பெரிய லாக் என்று கண்ணுக்குக்கூடத் தெரிந்திருக்காது. லாக்கைத் திறந்து பார்த்தால் சுழி பைட். அனுமதிப் பிழை ஒரு மோசமான பிழையை ஐந்து மாதம் ஓடவிடாமல் தடுத்திருக்கிறது.

என்ஜின்எக்ஸ் விஷயத்தில் இது நடக்காததற்குக் காரணம், டெபியன் தரும் கான்ஃபிக்கில் போஸ்ட்ரொட்டேட் என்ற பகுதி இருப்பது. பெயர் மாற்றியதும் அது என்ஜின்எக்ஸுக்கு யுஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பி, பழைய கோப்பை விட்டுவிட்டுப் புதியதைத் திற என்று சொல்கிறது. உடனே விடாமல் சிறிது நேரம் பழையதில் எழுதும் என்ஜின்எக்ஸ் துணைப் புராசஸ்கள் இருக்கலாம் என்பதால் டிலேகம்ப்ரெஸ் போட்டு, சுருக்குவதை ஒரு சுற்று தள்ளிவைக்கிறது. இப்போது எந்த லாக்குக்குக் கான்ஃபிக் எழுதினாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: இந்தக் கோப்பை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், கோப்பு மாறியதை அவர்களுக்கு யார் சொல்வார்கள்?

முதல் திருத்தம், மறுபடியும் பிழை

எங்கள் ஜாவா புரோகிராமுக்கு அப்படிச் சிக்னல் கேட்கத் தெரியாது. சரி என்று காப்பிட்ரங்கேட் போட்டோம். இது பெயரை மாற்றாது. உள்ளடக்கத்தைப் பிரதி எடுத்துவிட்டு மூலத்தைச் சுழியாக வெட்டும். ஐநோட் மாறாததால் யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை.

ஐந்தாவது நாள் தம்பி ஒரு விசித்திரத்தைக் காட்டினார். எல்எஸ் பட்டியலில் லாக் 3.5 ஜிபி, டியூவில் 200 எம்பி. வரிகளைத் தேடும் கிரெப் கட்டளையைப் போட்டால் வரிகளைக் காட்டாமல், இது பைனரி கோப்பு என்கிறது. ஓடி கட்டளையால் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தோம். முதல் வரி முழுக்கச் சுழி பைட்டுகள். அடுத்த வரியில் ஒரே ஒரு நட்சத்திரக் குறி, அதாவது இதே வரி திரும்பத் திரும்ப வருகிறது என்று அர்த்தம். அதற்கடுத்துத்தான், கோப்பின் கடைசிப் பகுதியில், அன்றைய லாக் தொடங்குகிறது.

மறுபடியும் அதே அம்புக்குறிதான். ஒற்றை '>' வழியாகத் திறந்த கோப்பில், எந்த இடத்தில் எழுதுகிறோம் என்ற கணக்கைத் திறந்தவரின் பிடியே வைத்திருக்கும். லாக்ரொட்டேட் கோப்பைச் சுழிக்கு வெட்டினாலும் அந்தக் கணக்கு பழைய இடத்திலேயே நிற்கும். அடுத்த வரி அங்கேதான் போய் விழும். முன்னால் உள்ள பகுதி ஓட்டையாகி, படித்தால் சுழி பைட்டுகளாகத் தெரியும். ஓட்டை டிஸ்கில் இடம் பிடிக்காது, ஆனால் சுருக்கும்போது ஜிஜிப் அத்தனையையும் படித்தாக வேண்டும். இரட்டை '>>' போட்டுத் திறந்திருந்தால் ஒவ்வொரு முறையும் கோப்பின் அப்போதைய முனையில் எழுதும், இந்தச் சிக்கலே வராது.

தொடங்கும் ஸ்கிரிப்டைத் தூக்கிவிட்டு ஜாவாவை சிஸ்டம்டி சேவையாக மாற்றி, ஸ்டாண்டர்ட்அவுட்புட்டுக்கு 'அப்பெண்ட்', அதாவது முனையில் சேர், என்று கொடுத்தோம். ரீஸ்டார்ட்டில் லாக் அழிவதும் அதோடு நின்றது.

காப்பிட்ரங்கேட்டில் இன்னொரு பலவீனம் உண்டு. பிரதி எடுத்து முடிப்பதற்கும் வெட்டுவதற்கும் இடையிலான கணத்தில் எழுதப்படும் வரிகள் தொலையும். பொதுவான லாக்கில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பணம் சம்பந்தமான வரிகளில் என்னால் முடியாது. அதனால் பேமென்ட் வரிகளைத் தனிக் கோப்பாகப் பிரித்து, ஜாவாவுக்குள் லாக் எழுதும் லாக்பேக் என்ற நூலகமே தன் கோப்பைச் சுழற்றும்படி விட்டோம். அந்தக் கோப்பை லாக்ரொட்டேட் தொடாது. ஒரே கோப்பை இருவர் சுழற்றினால் இரண்டுமே உருப்படாது.

மற்ற மாற்றங்கள்

500 எம்பி தாண்டினால் சுழற்று என்று மேக்ஸ்சைஸ் சேர்த்தோம். அதை எழுதிவிட்டால் போதாது. லாக்ரொட்டேட் எப்போதும் விழித்திருந்து காவல் காப்பதில்லை, டைமர் எழுப்பும்போது மட்டும்தான் அளவைப் பார்க்கும். டெபியனில் அது நாளுக்கு ஒரு முறை. மணிக்கு ஒரு முறை என்று டைமரை மாற்றினோம். மாற்றியதும் ரொட்டேட் 14-ன் பொருளும் மாறுகிறது: அது 14 நாள் அல்ல, 14 கோப்பு. பரபரப்பான நாளில் 14 கோப்பு ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

எத்தனை நாள் வைத்திருப்பது என்பது நம் விருப்பம் மட்டும் இல்லை. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள், இந்திய எல்லைக்குள், பாதுகாப்பாக வைத்திருக்கச் சொல்கிறது. டெபியனின் என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கை அப்படியே விட்டால் 14 நாளில் அழிந்துவிடும். சுருக்கிய லாக்குகளை ஒவ்வொரு இரவும் மும்பையில் உள்ள வேறு ஒரு சேமிப்புக்கு அனுப்பி, அங்கே 180 நாள் வைக்கிறோம்.

டிஸ்க் 80 சதவீதம் தாண்டினால் இருவர் போனுக்கும் செய்தி வரும். சிஸ்டம்டியில் எந்தச் சேவை தோற்றாலும் வரும். இந்த இரண்டாவது எச்சரிக்கை ஆகஸ்டிலேயே இருந்திருந்தால் மறுநாள் காலையில் சரிசெய்திருப்போம். கான்ஃபிக்கில் கை வைத்தால் லாக்ரொட்டேட்டுக்கு மைனஸ் டி போட்டு ஒத்திகை பார்த்த பிறகுதான் சேமிப்பது. ஒத்திகையில் எந்தக் கோப்பும் மாறாது, அந்த அனுமதிப் பிழை மட்டும் முகத்துக்கு நேரே வந்து நிற்கும்.

டீபக் நிலையை ஏற்ற இப்போது தனி ஸ்கிரிப்ட் உண்டு. ஏற்றும் அதே நேரத்தில், இரண்டு மணி நேரம் கழித்து இறக்கும் கட்டளையையும், குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் 'அட்' வரிசையில் போட்டுவிடும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. தரவுத்தளமும் லாக்கும் இன்னும் ஒரே பகிர்வில்தான். லாக்குக்கென்று தனியாக 20 ஜிபி டிஸ்க் வாங்கியாகிவிட்டது. மாற்ற ஒரு மணி நேரம் சைட்டை நிறுத்த வேண்டும், பண்டிகைக் கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய் விடியற்காலைக்குக் கேட்டிருக்கிறோம். டியூன்2எஃப்எஸ்ஸால் அன்று குறைத்த ஒதுக்கீட்டை அந்த வாரமே 5 சதவீதத்துக்குத் திருப்பி வைத்துவிட்டோம்.